கையைத் தூக்கினேன்

நம்பாதவர்கள் என் நெற்றியைப் பார்க்கலாம். இடது புருவத்தில் தொடங்கி வலது காதுவரை ஒரு கோடு. நான் கதை கட்டுகிறவள் இல்லை. கதைப்பதே குறைவு. வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்பார்களே என்ற பயத்தில்தான் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தையே விட்டேன்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என் அக்காவான ராத்தாவின் கணவர் நௌஃபர் மச்சான் எங்கள் ஊர் தில்லையடியில் ஒரு விளையாட்டுக் கடை போட்டார். முந்தல் ஊரில் யாரிடமோ வாங்கிய பழைய வீ.ஆர். கண்ணாடி ஒன்று, முகத்தில் மாட்டினால் வேறோர் உலகத்துக்குள் நிற்பதுபோல் காட்டுவது. வெள்ளை உடம்பு. தலையைச் சுற்றும் பட்டி மட்டும் புதியது, கறுப்பு. பெண்களின் முக்காட்டை ஆண்கள் தொட முடியாதே. அதனால் திரைக்குப் பின்னால் என்னை வைத்தார்.

வேலை எளிது. பின்னால் இருக்கும் திருகைத் தளர்த்த வேண்டும். முக்காடு கசங்காமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, பட்டியைப் பிடரிக்குக் கீழே இறக்க வேண்டும். உள்ளே வரும் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. இரண்டு வில்லைகளையும் கண்மணிக்கு நேரே நகர்த்த வேண்டும். கடைசியாகத் திருகை இரண்டே இரண்டு முறை இறுக்க வேண்டும். கிரிக், கிரிக். 'தெளிவாகத் தெரிந்தால் கையைத் தூக்கவும்' என்று மச்சான் வாசலில் எழுதி ஒட்டியிருந்தார். ஆகவே நான் வாயே திறக்கத் தேவையில்லை. வீட்டுக்கு வெளியே எனக்குப் பிடித்த ஒரே இடம் அது.

இரண்டாம் நாள், விளையாட வந்த கமறியா மாமி கண்ணாடியைப் பிடுங்கி எறியாத குறையாக எழும்பினார்.

"என்ன புள்ள, என்ட தலை என்ன தேங்காயா? இப்பிடி நெரிக்கிறாய்! வாயும் ஓயல்ல. தெளிவா தெரியுதா, தெளிவா தெரியுதா எண்டு காதுக்குள்ள!"

மாட்டிவிடும்போது நான் வாயே திறந்திருக்கவில்லை.

அடுத்து வந்த றிஃப்னா அழுதுகொண்டே வெளியே போனாள். அவளும் அதையேதான் சொன்னாள். முகத்தில் படும் பஞ்சை எடுத்துப் பார்த்தேன். நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்துத் துடைத்தேன். மறுபடியும் நனைந்தது. வியர்வை மணக்கவில்லை. இறால் குளத்துச் சேறு மணத்தது.

மச்சான் திரைக்கு வெளியே நின்று சொன்னார்.

"இன்னொரு ஆள் குறை சொன்னா நாளைக்கு வராத. வீட்ட இருந்து குசினியப் பாரு."

மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மச்சான் பள்ளிவாசலுக்குப் போனார். நேரம் 6.27. நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் நிஸ்ரின் வெளியே இருந்தாள். பிழை திருகில்தான் என்று காட்டிவிட்டால் என் வேலை தப்பும். முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை நானே மாட்டினேன்.

எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. நிஸ்ரின்தான் என்று நினைத்தேன். அந்தக் கைகளுக்கு வேலை தெரிந்திருந்தது. முக்காடு கசங்கவில்லை. பட்டி பிடரிக்குக் கீழே இறங்கியது. எழுத்துகள் ஒன்றாகச் சேர்ந்தன.

கிரிக், கிரிக்.

"தெளிவா தெரியுதா?"

அது… என்னுடைய குரல்.

எழுத்துகள் மறைந்தன. பச்சைத் தண்ணீர். நான் அதன் அடியில் கிடந்தேன். மேலே, மிக உயரத்தில், கரையிலிருந்து குனிந்து பார்க்கும் முகங்கள்…

கிரிக்.

"தெளிவா தெரியுதா?"

கையைத் தூக்கினேன்.

ஈரமான விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்து… மெதுவாகக் கீழே இறக்கின.

கிரிக்.

"தெளிவா தெரியுதா?"

நாக்கு ஒட்டிக்கொண்டது. வகுப்பில் ஒட்டிக்கொள்ளும் அதே நாக்கு.

கிரிக்.

கண்ணுக்குள் சூடாக ஏதோ வழிந்தது.

கிரிக்.

"இல்ல!"

என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை.

திருகு நின்றது.

திரையை இழுத்துக்கொண்டு நிஸ்ரின் ஓடிவந்தாள்.

"அல்லாஹ்வே, ரத்தம்! ஆரோடடி கத்துறாய்?"

அவள் அதுவரை வெளியேதான் இருந்தாள். தளர்த்தப் பார்த்தாள், திருகு அசையவில்லை. மச்சான் வந்து கத்தரிக்கோலால் பட்டியை வெட்டித்தான் கழற்றினார்.

மறுநாள் அவர் அதைத் திருப்பிக் கொடுக்க முந்தலுக்குப் போனார். விற்றவர் நெய்னார் என்ற இறால் பண்ணைக்காரர். வெட்டிய பட்டியைக் கண்டதும் அவர் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாராம்.

"நீங்களும் வெட்டித்தானா எடுத்தீங்க?"

அவருக்கு நுஸ்ரா என்று ஒரே மகள். பிறவி ஊமை. இந்தக் கண்ணாடியை வாங்கிக் கொடுத்த பிறகு அவளுடைய அறைக்குள் ஒரு பெண் கதைக்கும் சத்தம் கேட்டதாம். மகளின் குரல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாதே. பிள்ளைக்கு வாய் வந்துவிட்டது என்று அவளுடைய உம்மா அயலுக்கெல்லாம் சோறு சமைத்துக் கொடுத்தாராம். அந்த வாரமே நுஸ்ராவை இறால் குளத்தின் அடியிலிருந்து எடுத்தார்கள். கண்ணாடி முகத்தில் இருந்தது. பட்டியை வெட்டித்தான் கழற்றினார்கள்.

"அறைக்குள்ள என்ன கதைச்சிச்சு?" என்று மச்சான் கேட்டிருக்கிறார்.

"ஒரே கேள்விதான், தம்பி. விடிய விடிய அதே கேள்வி." பிறகு நெய்னார் கேட்டாராம். "உங்கட புள்ள என்ன பதில் சொல்லிச்சு?"

"இல்ல எண்டு கத்தினாவாம்."

நெய்னார் குளத்தின் பக்கம் திரும்பினாராம்.

"என்ட மகளுக்கு அதச் சொல்ல ஏலாமப் போச்சே."