மெஷினுக்குள் இல்லாத கை

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருக்கும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், கார்க் கதவுகளுக்குக் கீல் செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனால் என் அக்காவுக்கு வரன் பார்த்த இடத்தில் "தம்பிக்கு மெட்ராஸ் பக்கம் நிரந்தர உத்தியோகம்" என்று அம்மா முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். அதனால் எப்படியாவது அதை உண்மையாக்கியாக வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது.

அந்த வருடம் ஆயுத பூஜை, விஜயதசமி, அதை ஒட்டி ஞாயிற்றுக்கிழமை என்று சேர்ந்தாற்போல வந்தது. சீனியர்கள் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கார் கம்பெனிக்கு லாரி போயாக வேண்டும் என்பதால் ஞாயிறு மட்டும் ஓவர்டைம் போட்டிருந்தார்கள். "மெஷின் ரெண்டு நாள் ரெஸ்ட்ல இருக்கப் போகுது, அப்புறம் சமர்த்தா ஓடும், நீ சும்மா நின்னா போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் சீனியர் பஸ் ஏறினார். நானும் நம்பினேன்.

காலையில் ஸ்விட்சைப் போட்டோம். எல்லாம் ஓடின, ஒன்றைத் தவிர. கொரியாவிலிருந்து வந்த பெரிய பிரஸ் அது. இரும்புத் தகட்டை ஒரே அமுக்கில் வளைத்துவிடும். அதனால் வேலை செய்பவர் கை தவறி உள்ளே போனால் உடனே நின்றுவிடுவதற்காக அதன் முன்பக்கம் ஒரு மின்கண் வைத்திருப்பார்கள். கண்ணை ஏதாவது மறைத்தால் பிரஸ் இறங்காது. அன்று அதன் சின்னத் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரே செய்திதான் வந்தது: கை உள்ளே இருக்கிறது.

குனிந்து பார்த்தேன். கையும் இல்லை, காலும் இல்லை. அணைத்துப் போட்டேன். ரீசெட் பட்டனை அழுத்தினேன். மறுபடியும் கை உள்ளே இருக்கிறது என்றது.

அந்த பிரஸ்ஸை ஓட்டுகிற அக்கா பக்கத்து ஊரான சேரப்பணஞ்சேரிக்காரர். கான்ட்ராக்டில் இருப்பவர். வாய் ஓயாது, வேலையும் ஓயாது. என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, யாரு கை உள்ள கீதுன்றான் இவன்?"

"யாரு கையும் இல்லக்கா."

"அப்ப இன்னாத்துக்கு இந்தக் கூவு கூவுறான்? பூசணிக்கா ஒடைக்கச் சொல்லோ சரியா ஒடையல. நான் அப்பவே சொன்னேன், எவன் கேட்டான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கொஞ்ச நேரத்தில் உள்ளே நிஜமாகவே ஒரு கை இருப்பது போல எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. மோட்டார் நன்றாக இருந்தது, கரண்ட் நன்றாக இருந்தது, எண்ணெய் அழுத்தம் சரியாக இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டேன் என்கிற கதையாக, அந்த மின்கண் மட்டும் விடமாட்டேன் என்று நின்றது.

மானேஜர் வந்தார். கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சாயந்திரத்துக்குள்ள ஓடலைன்னா நாளைக்கு அங்க லைன் நிக்கும். லைன் நின்னா எனக்கு வேலை இருக்காது. எனக்கே இல்லைன்னா உனக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா வரன் வீட்டில் சொன்ன வார்த்தை காதுக்குள் ஒலித்தது.

மானேஜரே கொரியாவில் அந்த மெஷின் செய்த பட்டறைக்கு போன் போட்டார். அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை. யாரோ காவலாளி எடுத்து, எப்படியோ புரிந்துகொண்டு, அந்த பிரஸ்ஸைச் செய்த ஒருவருடைய வீட்டு எண்ணைக் கொடுத்தார். அந்த மனிதர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் தானே கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். சமாதானத்துக்குச் சொல்கிறார், இனி எங்கே கூப்பிடப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் சொன்னபடி கூப்பிட்டார். மானேஜர் தன் செல்போனை என் கையில் திணித்தார்.

அவருடைய ஆங்கிலமும் உடைசல், என்னுடையதும் உடைசல். வினைச்சொல்லே இல்லாமல் பேசிக்கொண்டோம். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சொன்னேன். வயர், ஃபியூஸ், கனெக்டர். எல்லாம் சரி. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அந்த மனிதருக்கு அலுப்புத் தட்டவில்லை. ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை.

கடைசியில் சொன்னார்: "ஐ நோ சீ. யூ, மை ஐஸ்." என்னால் பார்க்க முடியாது, என் கண்கள் நீதான் என்கிறார். என்னைப் பெற்ற அம்மாகூட என்னைக் கண்ணே என்று கொஞ்சியதில்லை. மெஷினுக்கு நேரே நின்று, மேலிருந்து கீழ் வரை கண்ணில் படுவதை எல்லாம் நிறத்தோடு சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன். பச்சை மூடி. மஞ்சள் கோடு. இரண்டு விளக்கு. மாலை கட்டியிருந்த நூல். நடுவில் சிவப்புப் பொட்டு.

"ரெட் டாட்? ஐ மேக் மெஷின். நோ ரெட் டாட்."

குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தேன்.

ஆயுத பூஜைக்கு எங்கள் தொழிற்சாலையில் பொட்டு வைக்காத பொருள் கிடையாது. தண்ணீர் ஃபில்டர், தராசு, ஆபீஸில் இருக்கும் ஸ்டேப்ளர் வரைக்கும் சந்தனம், குங்குமம்தான். அப்படி இருக்கும்போது ஒரு மெஷினில் பொட்டு இருப்பது யார் கண்ணில் உறுத்தும்? காலையிலிருந்து நூறு தடவையாவது அந்த இடத்தைப் பார்த்திருப்பேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். மின்கண்ணின் வட்டமான சின்னக் கண்ணாடி மேல், குழைத்த சந்தனமும் குங்குமமுமாகப் பொட்டு காய்ந்து கெட்டியாகி இருந்தது. அதைத்தான் மெஷின் கை என்று நினைத்துக்கொண்டிருந்தது.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ரெண்டு லைட்டும் கண்ணு மாரி இருந்துச்சு தம்பி. நடுவுல நெத்தின்னு நெனச்சு வெச்சுட்டேன். என்னிய தூக்கிடுவாங்களா?" என்றார் மிகவும் மெதுவாக. மானேஜர் சற்றுத் தள்ளி நின்றிருந்தார்.

போனில் அந்த மனிதர் காத்திருந்தார். என்ன சொல்ல? இந்தியாக்காரன் மெஷினுக்குப் பூஜை போட்டு அதன் கண்ணை மூடிவிட்டான் என்று உலகம் பூராவும் சொல்லிச் சிரிப்பாரே என்று கூசியது. வேறு வழியில்லை. "பிரேயர் சார். ஃபார் மெஷின்" என்றேன்.

அவர் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. அது கேலி இல்லை என்று கேட்டவுடனே தெரிந்தது. அவர்கள் ஊரிலும் புது மெஷின் வந்தால் பூஜை உண்டாம். பன்றித் தலையை முன்னால் வைத்து, அரிசிச் சாராயம் ஊற்றி, விழுந்து கும்பிடுவார்களாம். ஒரு தடவை இவரே பக்தி முற்றிப்போய் அதிகமாக ஊற்ற, சாராயம் பேனலுக்குள் இறங்கி, புது மெஷின் டப்பென்று வெடித்ததாம். "மை பாஸ், வெரி ஆங்கிரி" என்று மறுபடியும் சிரித்தார். பன்றித் தலையும் சாராயமும் எங்கள் பக்கத்துச் சுடலைமாடன் படையலேதான். கடல் தாண்டி என் சாமியைக் கும்பிடுகிறவர் ஒருவர் கிடைத்தது போல இருந்தது எனக்கு.

துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெச்ச பொட்ட அழிக்கக் கூடாது தம்பி. ஆவாது. நான்தான டெய்லி இதுக்குள்ள கைய வுடறேன்?"

அதில் இருந்த பயம் எனக்குப் புரிந்தது. போனில், "ஆபரேட்டர் நோ வைப். ஃபியர்" என்றேன், துடைக்க அவருக்குப் பயம் என்கிற அர்த்தத்தில். அவர் அதையும் தள்ளிவிடவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு வழி சொன்னார்: முதலில் மேலே இரும்பு மூடியில் புதுப் பொட்டு வைக்கச் சொல், அதற்குப் பிறகு கீழே இருப்பதை எடு. அக்காவிடம் சொன்னேன். "அந்தாளு நம்மாளு மாரியே வெவரமா கீறாரே" என்று மனசு குளிர்ந்து போய், பூஜைத் தட்டிலிருந்து குங்குமம் எடுத்து வந்து மூடி மேல் அழகாக வைத்தார். நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

பிரஸ் இறங்கியது. அந்தச் சத்தம் போல இனிமையான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மானேஜர் போனை வாங்கி என்ன கோளாறு என்று கேட்டார். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மானேஜர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "கண்ணுல ஏதோ சின்னப் பிரச்சினையாம், சரி பண்ணியாச்சாம். நீ நல்லாப் பாக்குறவன், விட்டுடாதீங்கன்னு சொல்றார்" என்று போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். யார் வைத்த பொட்டு என்ற பேச்சே எழவில்லை. அந்த மாதக் கடைசியில் எனக்கு வேலை நிரந்தரமானது.

நன்றி சொல்லலாம் என்று போனைக் காதில் வைத்தேன். "அப்பா! அப்பா!" என்று ஒரு குழந்தையின் குரல். யார் வீட்டுப் பிள்ளை இங்கே வந்தது என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. குரல் போனுக்குள்ளிருந்து வந்தது. எப்போ போகலாம் என்று நச்சரிக்கும் அதே இழுப்பு. அங்கேயும் அப்பாவுக்கு அப்பாதானாம்.

யார் என்று கேட்டேன். தன் மகள் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தாராம். எங்கள் போன் வந்ததும், அதே மாதிரி மெஷின் முன்னால் நின்றால்தான் எனக்குச் சரியாகச் சொல்ல முடியும் என்று அவளையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டாராம். இவ்வளவு நேரமும் அந்தக் குழந்தை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. சாரி சார், சாரி சார் என்றேன்.

"நோ சாரி. யுவர் மெஷின், மை மெஷின், சேம் மெஷின்" என்று சொல்லிவிட்டு வைத்தார். அவர் முகத்தை நான் கடைசிவரை பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ கம்பெனி மாறிவிட்டேன். இப்போது நான் பழுது பார்க்கும் மெஷின்கள் பல நாடுகளில் ஓடுகின்றன. உலகம் எல்லாம் ஒரே குடும்பம் என்று யாராவது மைக்கில் முழங்கினால் எனக்குக் கொட்டாவிதான் வரும். ஆனால் விடுமுறை நாளில் எங்கிருந்தோ ஒருவன் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் கூப்பிட்டால், என் மகள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாலும், "கொஞ்சம் பொறு" என்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நான் பேசுகிறேன். ஏனென்றால் அந்தப் பக்கம் பதறிக்கொண்டு நிற்பவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், அவன் அன்றைக்கு நின்ற நான்தான்.