நுவே தெத் ஷின் என்கிற முழுப்பெயர்

இன்று ஏழாம் நாள். காலையில் பிக்குகளுக்குச் சோறு படைத்து, இறந்துபோன என் மனைவி நுவே தெத் ஷினை வழியனுப்பிவிட்டோம்.

கணினித் துறையின் முன்னோடிகளில் அவளைச் சேர்க்கப் போவதாக ஒரு வெளிநாட்டுச் சங்கம் எழுதியிருக்கிறது. குடும்பப் பெயர் கேட்கிறார்கள். பர்மியர்களுக்கு அப்படி ஒன்று இல்லை, முன்னால் வரும் உ, டோ, கோ, மா எல்லாம் வெறும் மரியாதைச் சொற்கள் என்றேன். பெயரின் கடைசித் துண்டையாவது கொடுங்கள் என்கிறார்கள்.

எழுபதுகளில் ரங்கூனில் நாங்கள் வேலை பார்த்த பல்கலைக்கழகத்துக்கு முதல் கணினி வந்தபோதும் இதே கதைதான். கூடவே கப்பலில் வந்த நிரல், பெயரின் கடைசித் துண்டைக் குடும்பப் பெயரென்று எடுத்துக்கொண்டது. விடுதிக்கு விண்ணப்பித்தவர்களில் பெயர் மியிண்ட் என்று முடிந்த அத்தனை பேரும் உடன்பிறந்தவர்கள் ஆனார்கள். நிஜமான அண்ணன் தங்கைகள் யாரோ எவரோ ஆனார்கள்.

கணினி மைய இயக்குநர் உ பா த்வே அசரவில்லை.

"எல்லாரையும் ஒரு குடும்பப் பேர் வச்சுக்கச் சொல்லிடுவோம், சயாமா," என்றார் நுவேயிடம். சயாமா என்றால் ஆசிரியை, சயா என்றால் ஆசிரியர்.

"காதலிக்கிறவங்க பாவம், சயா. அண்ணன் தங்கச்சி ஆக்கிடாதீங்க. நான் நிரலை மாத்துறேன்," என்றாள் நுவே.

மறுநாள் தேநீர்க் கடையில் செய்தித்தாளை என் பக்கம் தள்ளினாள்.

"காலங்காத்தால எழவு அறிவிப்பா படிப்பாங்க, மா நுவே?"

"இன்னாரோட மக, இன்னாரோட அக்கா. குடும்பப் பேர் இல்லாமயே சொந்தம் தெரியுதுல்ல, கோ மின்?"

அப்படியே நிரல் எழுதினாள். கணினியில் இடம் குறைவு. அதனால் பெற்றோர் பெயரை ஒரே இடத்தில் வைத்து, அந்த இடத்தின் எண்ணை மட்டும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். எல்லாப் பெயர்களும் முழுசாக அடங்கின.

இயக்குநருக்குப் பொறுக்கவில்லை. "வந்த நிரலையே ஓட்டுங்க. இல்லன்னா மேல்படிப்புக்கு லண்டனுக்கு உங்க பேர அனுப்ப மாட்டேன்."

"எந்தத் துண்ட அனுப்புறதா இருந்தீங்க, சயா?"

லண்டனுக்கு வேறொருவர் போனார். பல்கலைக்கழகம் கடைசியில் அவள் நிரலைத்தான் ஓட்டியது. அதற்குப் பின் வந்தவர்கள் அதில்தான் தொழில் கற்றார்கள்.

சங்கத்துக்கு இப்போது பதில் எழுதி முடித்தேன். செய்தித்தாளில் நாங்கள் கொடுத்த இறப்பு அறிவிப்பையே அதில் வைத்திருக்கிறேன்: "உ சான் த்வின், டோ மியா கியி தம்பதியின் மூத்த மகள், உ லின் அவுங்கின் அக்கா, உ மின் ஸாவின் மனைவி, நுவே தெத் ஷின்."

கீழே இதையும் சேர்த்தேன்: உங்கள் படிவத்தின் கட்டத்தில் இது அடங்காவிட்டால் கட்டத்தை மாற்றுங்கள். பெயரை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அவளைச் சேர்க்கவே வேண்டாம்.