மாறிய மாறிலி

அத்தானிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் என்னை நானே நல்லவளாக்கிவிடுவேன்.

அத்தான், அக்காவின் கணவர். விட்பியில் வீடு, பிறம்ரனில் வேலை. அங்கே ஒரு வெயார்ஹவுஸ் யாட்டில், சரக்குக் கிடங்கின் முற்றத்தில், லொறிகளுக்கு இடம் பிரித்துக் கொடுப்பவர். நான் பல்கலைக்கழகத்தில் கணித ஆராய்ச்சி செய்பவள். அக்கா மகளின் பிறந்தநாள் ஒரு ஞாயிறு வந்தது. செவ்வாய்க்கிழமை என் முதல் தேற்றத்தைப் பற்றித் துறையில் பேசவிருந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ரோல்ஸ் தட்டோடு வந்த அத்தான் கேட்டார். "உன்ர கண்டுபிடிப்பு என்னெண்டு எனக்கும் ஒருக்காச் சொல்லு பிள்ளை."

சொன்னேன். மேடுபள்ளமாய்க் கிடக்கும் பொருளுக்குள் ஒற்றைத் துகள் ஓட முடியாமல் புறப்பட்ட இடத்தருகிலேயே சிக்கிவிடும். அது பழைய செய்தி. ஒன்றையொன்று தள்ளும் பல துகள்கள் இருந்தாலும் அப்படியே சிக்கி நிற்கும் என்று, ஓர் எளிய மாதிரிக்கு நிரூபித்திருந்தேன்.

அவர் யோசித்தார். "யாட்டில பனிக்குள்ள ஒரு லொறி புதைஞ்சா நிக்கும், சரி. பின்னால வாறதுகள் இடிச்சுத் தள்ளத் தள்ள அது கொஞ்சம் கொஞ்சமா நகருமெல்லே? எத்தினை வந்தாலும் உன்ர கணக்கு மாறாதோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் தேற்றத்தை லொறியில் ஏற்றியது எனக்குப் பொறுக்கவில்லை.

"உது லொறிக் கணக்கில்லை அத்தான். உங்களுக்கு விளங்காது."

அவர் முகம் சுருங்கியது. "ஓம் ஓம், எனக்கெங்க விளங்கப் போகுது," என்று தட்டை நீட்டினார். நானும் வெட்கமில்லாமல் ஒரு ரோல்ஸை எடுத்தேன்.

மறுநாள் காலை என் வீட்டருகே வோபர்னில் பஸ் ஏறியதும் என் கட்டுரையின் பதினோராம் பக்கத்தைத் திறந்தேன். அங்கே ஓர் எண்ணை மாறிலி என்று எழுதியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்த சொல். எது மாறினாலும் மாறாதது. வரிவரியாகப் பார்த்தபோது துகள்கள் கூடக்கூட அதுவும் பெருத்தது. துகள்கள் போதிய அளவு சேர்ந்துவிட்டால் என் தேற்றத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அத்தான் கேட்டது இதைத்தான்.

அன்று முழுக்க முயன்றும் திருத்த முடியவில்லை. பேச்சையாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. செவ்வாயன்று அந்தப் பக்கத்தை அவசர அவசரமாகக் கடந்தேன். பேராசிரியர்கள் நிறைந்த அறையில் அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, கைதட்டினார்கள். நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

புதன்கிழமை மேற்பார்வையாளரிடம் பிழையைச் சொல்லி, ஆய்விதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

அன்று மாலை அத்தான் எனக்குப் போன் எடுத்தார். கட்டுரைக்கு நடந்தது அவருக்குத் தெரியாது.

"நல்லாப் பேசினனியாம், அக்கா சொன்னவ. அண்டைக்கு ஆக்களுக்கு முன்னால நான் ஒரு விசர்க் கேள்வி கேட்டுப்போட்டன். மனசில வைச்சிராத பிள்ளை, என்ன?"

"பரவாயில்லை அத்தான்," என்றேன்.