மூளியாக நின்ற மெஷின்

போன வருஷம் ஆயுத பூஜை லீவு முடிந்து கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குத் திரும்பிய அந்தக் காலை ஷிஃப்ட்டை என்னால் மறக்கவே முடியாது.

கார்களுக்கு ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி. பொன்னேரியிலிருந்து ரயிலேறிப் போய், பதினோரு வருஷமாக நான் பார்த்த வேலை ஒன்றுதான். வளையங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெட்டோ குமிழியோ இருந்தால் கழித்துப் போடுவது. பூஜைக்கு இரண்டு மாதம் முன்னால், அந்த வேலைக்கென்றே கேமரா வைத்த மெஷின் ஒன்று வந்து இறங்கியது. பார்க்க அலமாரி மாதிரி இருக்கும். ஒரு பக்கம் வளையத்தைக் கொட்டினால், மறுபக்கம் நல்லது தனியாக, கழிசல் தனியாக வந்து விழும். நாங்கள் பத்து பேர் பார்ப்பதை அது ஒன்றே பார்த்துவிடும் என்றார்கள். "கத்துக்க இஷ்டம் இருக்கிறவங்க பேர் கொடுங்க" என்று சூப்பர்வைசர் இரண்டு தடவை கேட்டார். நான் கொடுக்கவில்லை. திரையில் ஓடும் இங்கிலீஷைப் பார்த்தாலே எனக்கு வியர்த்துக் கொட்டும். தெரியாது என்று வாயைத் திறந்தால் முதலில் நம்மைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று பயம். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். மகள் காலேஜில் இரண்டாம் வருஷம்.

என் பக்கத்து இருக்கைக்காரி, என் சிநேகிதி, சரியான வாயாடி. "இந்தப் பாழாப்போன பொட்டி நம்ம சோத்துல மண்ணப் போட்டுட்டுத்தான் அடங்கும்" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரியே சொல்வாள்.

பூஜையன்று எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். புதுசுக்கு மட்டும் வேண்டாம், பெயிண்ட் கெட்டுவிடும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மாலையும் பொட்டுமாக நின்ற மற்ற மெஷின்களுக்கு நடுவே அது மட்டும் மூளியாக நின்றது. நல்ல நாளும் அதுவுமாக எனக்கு மனசு கேட்கவில்லை. எத்தனை நாளைக்குத்தான் பயந்து ஒதுங்கிப் போவது, இதோடு ராசியாகிவிடலாம் என்றும் ஒரு எண்ணம். யாரும் பார்க்காத நேரத்தில் பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன். உள்ளே வட்டமாக ஒரு கண்ணாடி. அதன் நடுவில் அழகாக ஒரு பொட்டை வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கதவை மூடிவிட்டேன்.

லீவு முடிந்து மெஷினைப் போட்டார்கள். விழுந்த வளையம் அத்தனையும் கழிசல் பக்கம் போனது. நிறுத்தி மறுபடி போட்டார்கள், மறுபடியும் அதேதான். வெளியே சரக்கு ஏற்ற லாரி காத்துக்கொண்டிருந்தது. மேனேஜரே இறங்கி வந்தார். திரையைத் தட்டினார்கள், ஒயரைப் பிடுங்கி மாட்டினார்கள்.

"லீவுக்கு முன்னாடி நல்லா ஓடின மெஷின். யாரோ வேணும்னே கை வச்சிருக்காங்க" என்றார் மேனேஜர். சூப்பர்வைசரின் பார்வை நேராக என் சிநேகிதி மேல் போனது.

அவளைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் நிறுத்தினார்கள். "நான் இன்னா சார் பண்ணேன்? வாயில சொன்னது நெசம். கையால தொட்டதுகூட இல்ல சார்" என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஐடி கார்டைக் கொடுத்துட்டு வெளிய உட்காருங்க. விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்" என்றார் மேனேஜர்.

எனக்கு அப்போதுதான் அந்த வட்டக் கண்ணாடி ஞாபகம் வந்தது. அதுதான் கேமராவோ? சொன்னால் என் வேலை போகும், சொல்லாவிட்டால் அவள் வேலை போகும். ஒளிக்காமல் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். மகள் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. கார்டைக் கழுத்திலிருந்து கழற்றும்போது அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஒரு ஆறுதலுக்காகத்தான் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"சார், நான்தான்... உள்ள... பொட்டு வச்சேன்."

மேனேஜர் கதவைத் திறந்து குனிந்தார். குனிந்தபடியே அந்தக் கண்ணாடியைக் காட்டிக் கேட்டார்:

"இது என்னன்னு தெரியுமாம்மா?"

"தெரியாது சார்." இரண்டு மாதமாக நான் சொல்லப் பயந்த வார்த்தை.

துணியால் துடைத்ததும் மெஷின் ஓடியது. எனக்கு மெமோ கொடுத்தார்கள். வேலை போகவில்லை. சிநேகிதியிடம் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஒரு வார்த்தை மன்னிப்புகூடக் கேட்கவில்லை. சாயங்காலம் ரயிலில், எனக்கும் தள்ளி மீஞ்சூர் வரை போகிற அவள், பொன்னேரி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் இறங்கும்போது மட்டும் கேட்டாள்: "நான் கார்டக் கழட்டுற வரைக்கும் பாத்துக்கினே இருந்தியேக்கா?"

மறுநாளே பயிற்சிக்குப் பேர் கொடுத்தேன். இப்போது அந்த மெஷினை நான்தான் ஓட்டுகிறேன், தெரியாததைக் கூச்சப்படாமல் கேட்கிறேன். ஆனால் என் பயத்துக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டு நின்றாளே, காலையில் கார்டைக் கழுத்தில் மாட்டும்போதெல்லாம் அந்தச் சில நிமிஷங்கள்தான் ஞாபகம் வருகின்றன.