கழுவாத நாலாவது பிளக்

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவரை எங்கள் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பழசெங்கே' என்றுதான் சொல்வோம். கடைக்கு யார் போய் எதைக் கேட்டாலும் அவர் முதலில் கேட்பது, "பழசு எங்கே?" கழற்றிய சாமானைக் கண்ணால் பார்க்காமல் புதுசை அலமாரியிலிருந்து எடுக்கமாட்டார். சிநேகிதர் ஒருவர் தன் இரண்டாம் கல்யாணத்துக்கு அழைக்க வந்தபோதும் அப்படித்தான் கேட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அது கட்டிவிட்ட கதை. நானே விசாரித்துவிட்டேன்.

ஆனால் அவர் மனைவி சொல்வது நிஜம். "செருப்பு அந்துபோச்சு, ஒரு ஜோடி வாங்கிட்டு வாங்கன்னா, பழைய செருப்பக் குடு, எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு பார்க்கணும்ங்கறார். நான் வெறுங்காலோட நிக்கறேன், இவர் செருப்போட ஜாதகத்தப் பார்த்துக்கிட்டிருக்கார்."

இருபத்திரண்டு வருஷமாகக் கடை திறந்திருக்கும் நேரத்தில் அவர் கல்லாவைத் தாண்டி வெளியே வந்ததில்லை. வண்டியிலும் ஏறமாட்டார். ஏறினால் குமட்டும். வண்டிச் சாமான் விற்கிறவருக்கு இப்படி ஒரு வியாதியா என்று சிரிப்பார்கள். "சவப்பெட்டி செய்யறவன் அதுல படுத்துப் பார்த்தா விக்கறான்?" என்பார். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் சலவைக்கடை வைத்திருக்கிறோம். மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, ஞாயிறு தவிரத் தினமும் காலை ஆறரைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்காகவே, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்த பெட்ரோல் பிக்கப் ஒன்றைப் பழசாக வாங்கினோம். ஓட்டுவது நான். அவர் ஓட்டினால் ஒவ்வொரு கியருக்கும் அனுமதி கேட்டுத்தான் மாற்றுவார். அது கிடைப்பதற்குள் விடிந்துவிடும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குப் போன வருஷம் ஏதோ வந்துவிட்டது. சமதளத்தில் சாதுவாகப் போகும். சுமையோடு மலை ஏறினால் மூன்றாவது வளைவில் விக்கல் எடுத்தவர் போலத் தூக்கித் தூக்கிப் போடும். இரண்டு நாள் பாதி வழியில் நின்று, முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனோம். தலைமை நர்ஸ் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஆபரேஷனுக்கு வந்தவங்கள வெறும் மேஜையில படுக்க வைக்க முடியாதும்மா. திங்கக்கிழமையும் லேட்டானா, வேற ஆளப் பார்த்துக்கறோம். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

ஆஸ்பத்திரி வேலை போனால் எங்களோடு துவைக்கும் இரண்டு பெண்களுக்கும் வேலையில்லை. சனிக்கிழமை ராத்திரி ஆண்டவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் படுத்தேன். ஞாயிறு காலையில் மெக்கானிக்குக்குப் போன் செய்தால் ஊரில் இல்லை. போனிலேயே, "ஸ்பார்க் பிளக் போயிருக்கும்க்கா, நாலையும் மாத்திடுங்க" என்றார். என் வீட்டுக்காரர் மூன்றைக் கழற்றிவிட்டார். நாலாவது, உள்ளே தள்ளி ஒரு குழாய்க்கு அடியில் இருந்தது; அசையவில்லை. உடைத்துவிடப் போகிறோமே என்று விட்டுவிட்டார்.

கையில் கிடைத்த மூன்றையும் பார்த்தேன். ஒரே அழுக்கு. இதை எப்படி ஒரு மனுஷர் கையில் கொடுப்பது? சுத்தம் சோறு போடும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். கறை நீக்கும் மருந்தில் அரைமணி ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சுடுதண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, வெள்ளைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போனேன்.

"பழசு எங்கே?" என்றார்.

முடிச்சை அவிழ்த்து வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் உருட்டினார்.

"என்னம்மா இது?"

"பிளக்குண்ணே."

"பிளக்குதான். ஏன் பளபளன்னு இருக்கு?"

"கழுவிட்டேன்."

பிளக்கின் வெள்ளைப் பீங்கானை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுல நம்பர் எழுதியிருந்திருக்குமே?"

"அதுவா? கறைன்னு நெனச்சேன்ண்ணே. ரொம்பப் பிடிவாதமா இருந்துச்சு."

"டாக்டர்கிட்ட போறவ நாக்க வழிச்சுட்டுப் போகலாம்மா. நாக்கையே வழிச்சு எறிஞ்சுட்டுப் போகக் கூடாது."

"சுத்தமா இருக்கட்டுமேன்னுதான்..."

"சுத்தம் சோறு போடும். ஸ்பார்க் போடாது."

பிறகு பொறுமையாகச் சொன்னார். அவரிடம் தடியாக ஒரு புத்தகம் இருக்கிறது. எந்த வண்டிக்கு எந்த பிளக் என்று அதில் போட்டிருக்கும். அதை அவர் ஈரக்கையால் தொடமாட்டார். "உன் வண்டிக்கு இதுல ஒண்ணு சொல்லியிருக்கு. இதுவரைக்கும் அதுதான் உள்ள இருந்துச்சா, வேற எதையாவது மாட்டி வெச்சிருந்தாங்களான்னு எனக்குத் தெரியணும். வேறன்னா, புத்தகத்துல உள்ளதப் போட்டா சரியாப் போயிடும். அதையே போட்டும் இப்படின்னா, உனக்கு முன்னாடி வெச்சிருந்தவன் வேகத்துக்கு ஆசைப்பட்டு டர்போவுல கை வெச்சிருக்கான். அப்பப் புத்தகம் உதவாது."

"மரை ஒண்ணா இருந்தா எதை மாட்டினாலும் ஓடாதாண்ணே?"

"ஓடும். என் செருப்பு உனக்கும் காலுல நுழையும். மலை ஏறுவியா?" என்றவர், துணியில் இருந்ததை எண்ணிப் பார்த்தார். "மூணுதான் இருக்கு. நாலாவது?"

"வர மாட்டேங்குது. வண்டியிலயேதான் இருக்கு."

"அதக் கழுவலயே?"

"கை எட்டலண்ணே."

அவர் கல்லாவின் பக்கப் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். எதிரே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். "அண்ணே, உடம்புக்கு எதாச்சுமா?" என்று ஓடி வந்தார். "கடையப் பார்த்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எங்கள் கடைவரைக்கும் நடந்தே வந்தார்.

நான் அவரை அண்ணன் என்பதால் என் வீட்டுக்காரருக்கு அவர் மச்சான். "வாங்க மச்சான். உங்க தங்கச்சி இஞ்சினையும் கழட்டி ஊற வெச்சிருப்பா. வாளி பெருசா கிடைக்கல" என்றார்.

பழசெங்கே அண்ணன் இஞ்சின்மேல் கையை வைத்துப் பார்த்தார். ஆறியிருந்தது. சூடாக இருக்கும்போது திருகினால் மரை பிய்ந்துவிடுமாம். குழிக்குள் இருந்த தூசியைக் காற்றடித்து எடுத்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை நாலு சொட்டு விட்டார். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, காய்ந்துகொண்டிருந்த விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

"இதெல்லாம் துவைக்க வர்றப்போ கறையப் பார்ப்பீங்களா?" என்று கேட்டார்.

"என்ன பார்க்கறதுண்ணே? எல்லாத்துக்கும் ஒரே மருந்து, ஒரே கொதி."

"பார்க்கறதே இல்லியா?"

"இல்லண்ணே."

அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அரைமணி கழித்து எழுந்து, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி, தூங்கும் குழந்தையின் கையிலிருந்து பொம்மையை உருவுவதுபோல அந்த பிளக்கை வெளியே எடுத்தார். நான் பார்க்கக் கிட்டே போனேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தூரத்துலருந்தே பாரும்மா."

முனை சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. அதன்மேல் மிளகுப்பொடி தூவியதுபோலப் புள்ளிகள். தீப்பொறி தாவும் இடைவெளி தேய்ந்து அகன்றுபோயிருந்தது. நம்பர் மட்டும் அழியாமல் இருந்தது. அதைத் தன் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கடைக்குத் திரும்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

புத்தகத்தைத் திறந்து வைத்துப் பார்த்தார். அதே நம்பர்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புத்தகத்தை மூடி, கீழ்த்தட்டில் வைத்து, அதன்மேல் ஒரு பழைய துணியைப் போட்டார். அதற்கப்புறம்தான் வேறொரு பெட்டியை எடுத்தார்.

"டர்போ அளவுக்கு மேல காத்த அடிக்குது. உள்ள சூடு ஏறுது. அந்த பிளக்கால சூட்ட வெளிய அனுப்ப முடியல. அதான் வெளுத்துருக்கு. இது ஒரு படி குளிர்ந்த பிளக். சூட்ட சீக்கிரமா கடத்திடும். எல்லாரும் பேரப் பார்த்து 'சூடான பிளக்கா குடுங்க, இழுவை நல்லாருக்கும்'பாங்க. சூடுன்னா வீரம்னு நெனப்பு." தகடு தகடாக இருந்த ஓர் அளவுக் கருவியை எடுத்து, நான்கு பிளக்கிலும் இடைவெளியைக் குறைத்தார். நடு ஊசியைத் தொடவே இல்லை. மேலே வளைந்திருக்கும் கொக்கியை மட்டும் மெல்லத் தட்டினார். "காத்துல தீக்குச்சி கொளுத்தறப்போ கையக் குவிச்சுக்கறோம்ல? அதுமாதிரி. இடைவெளி பெருசா இருந்தா டர்போ காத்து பொறிய ஊதி அணைச்சுடும்."

ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்தார்.

"இது என் கணிப்புதாம்மா. புத்தகத்துல இல்லாத ஒண்ண நான் குடுக்கறது இதான் முதல் தடவ. நாளைக்கு ஏறலன்னா தப்பு என்னுது. புத்தகத்தோடது இல்ல."

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் நான்கையும் மாட்டிவிட்டார். திங்கள் காலை ஐந்தரைக்கு அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் இரண்டு பிளாஸ்டிக் பைகள்.

"என்னண்ணே, பையோட?"

"சத்தத்தக் கேக்கணும். கூட வர்றேன்."

"உங்களுக்கு ஒத்துக்காதே?"

"அதுக்குத்தான் ரெண்டு."

என் வீட்டுக்காரர் பின்னால் மூட்டைகளோடு ஏறிக்கொண்டார். நான் சாவியைத் திருப்புவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணனும் மூடிக்கொண்டார். அவர் வேறு காரணத்துக்காக.

முதல் வளைவு போனது. இரண்டாவதும் போனது. அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இஞ்சின் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வளைவு வந்தது. வாய்க்குள் ஆண்டவனைக் கூப்பிட்டபடி காலை அழுத்தினேன். வண்டி எதையும் யோசிக்கவில்லை. ஏறிப் போய்விட்டது.

"ம்" என்றார் அண்ணன். அப்புறம் முதல் பையைப் பிரித்தார். ஐந்தாவது வளைவில் இரண்டாவது பையும் தீர்ந்தது.

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு இருபது. அவரை இருவருமாகக் கைத்தாங்கலாக இறக்கினோம். தலைமை நர்ஸ் பார்த்துவிட்டு, "விரிப்பு கொண்டு வரச் சொன்னா நோயாளியையும் சேர்த்துக் கொண்டு வந்துருக்கீங்களா?" என்றார். எங்கள் முதல் மூட்டையைப் பிரித்து, முதல் விரிப்பை எடுத்து ஒரு கட்டிலில் போட்டு, அவரைப் படுக்க வைத்தார்கள். பிறகு நர்ஸ் மூட்டைகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துடுங்க. இவர் வேணாம்."

இறங்கும்போது அவர் வண்டியில் ஏறவில்லை. மலையிலிருந்து நடந்தே வந்தார். கடை திறக்க மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் பஞ்சர் கடைக்காரர், அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று பாதிப் பேருக்குச் சொல்லி முடித்திருந்தார். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

அடுத்த மாதம் ஒரு பிளக்கைக் கழற்றி, கழுவாமல், காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். டர்போவை மெக்கானிக் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, புத்தகத்தில் உள்ள பிளக்கையே திரும்ப மாட்டச் சொன்னார் அண்ணன். அப்போது அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே.

ஒன்று சொல்ல விட்டுப்போய்விட்டது. அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள், துவைக்க வந்த மூட்டையில் அவர் படுத்திருந்த விரிப்பும் இருந்தது. ஓரத்தில் ஐந்து விரல்களின் கிரீஸ் மசி அப்படியே பதிந்திருந்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். கொதிக்கிற தண்ணீரில் போடுவதற்கு முன்னால் அதை விரித்து வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பார்த்தேன்.