ஒயின்ஷாப் பாலத்துக்குப் புதுப் பேர்

சித்தேரி மலையிலிருந்து இறங்கி வரும் ஓடையின்மேல் எங்கள் ஊருக்குப் பாலம் கட்டி முடித்தார்கள். முடித்த கையோடு அதன் ஒரு முனையில் ஒயின்ஷாப்பும் திறந்தார்கள். அவ்வளவுதான், பேர் ஒட்டிக்கொண்டது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில், "ஒயின்ஷாப் பாலம் எறங்கறவங்க முன்னால வாங்க" என்று கண்டக்டர் கூவுவார். நானும் என் அம்மாவும் எழுந்து போவோம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற எனக்கு உடம்பெல்லாம் கூசும். அப்புறம் பெண்கள் மறியல் செய்து கடையை மூட வைத்தோம். கடை போனது, பேர் போகவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

என் அப்பா பட்டாளத்தில் பாலம் போடுகிற பிரிவில் இருந்தவர். சண்டையின்போது ஒரு ஆற்றில் பாலம் போட்டுக்கொண்டிருந்தபோது குண்டு பக்கத்தில் விழுந்து இடது காது செத்துப்போனது. அப்படியும் கரையேறாமல், கடைசி வண்டி தாண்டுகிறவரை கழுத்தளவுத் தண்ணீரில் நின்றாராம். அதற்குத்தான் மெடல் கொடுத்தார்கள். ஊரில் இந்தக் கதையெல்லாம் யாருக்கு வேண்டும்? அவர் 'மிலிட்டரி'. மாதம் பிறந்தால், "மிலிட்டரி இருக்காருங்களா?" என்று பட்டாளத்துக் கேன்டீன் சரக்குக் கேட்டு ஆள் வந்து நிற்கும். அவரோ தன் பங்கை வாங்குவதே இல்லை. "உங்களுக்கு ஊத்திக் குடுக்கவா காதக் குடுத்துட்டு வந்தேன்?" என்று விரட்டுவார்.

மிலிட்டரி, மிலிட்டரி என்று கூப்பிட்டே அவருடைய சொந்தப் பேரை ஊர் மறந்துவிட்டது. அவர் இறந்தபோது அடித்த போஸ்டரில் பேரைப் பார்த்துவிட்டு, "யாருங்க இது?" என்று எங்கள் தெருக்காரரே கேட்டார். அன்றைக்கே முடிவு செய்தேன்: பாலம் போட்ட மனுசனின் பேர் பாலத்துக்கு வர வேண்டும், அதை ஊர் வாய் திறந்து சொல்லி நான் கேட்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பேரை எங்கள் வீட்டிலேயே ஒருவர் சொன்னதில்லை. புருசன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பிய தலைமுறை என் அம்மா. அப்பாவுக்கு ஒரு சாமியின் பேர். ஆகவே அந்தச் சாமியையே "மலைமேல இருக்கறவரே" என்றுதான் கும்பிடுவாள். ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் பேர் கேட்டால் என் விலாவில் இடிப்பாள், நான் சொல்ல வேண்டும். காது மந்தமான மனுசனைப் பேர் சொல்லாமல் கூப்பிட்டுப் பாருங்கள், தெரியும் கஷ்டம். "இந்தாங்க, இந்தாங்க" என்று கத்தி ஓய்ந்து, சொம்பை எடுத்துத் தரையில் தட்டுவாள். அவர் போன பிறகும் பேரைச் சொல்லவில்லை. "இனி எந்த ஆயுசும்மா குறையப்போவுது?" என்று கேட்டதற்கு, "உனக்கென்னடி தெரியும், போ" என்றாள்.

கிராம சபையில் எழுந்து என் கோரிக்கையைச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருவரைத் தவிர. அவர் எங்கள் பங்காளி, எனக்குத் தம்பி முறை. ஒரு காரணமும் கிடையாது, வயிற்றெரிச்சல்தான்.

"ஏங்க்கா, கட்டுன பொண்டாட்டி வாயில வராத பேரு ஊரு வாயில எப்பிடி வரும்?" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். நான் விடுவேனா? "உம்பேரத்தான் உம்பொண்டாட்டி தெனம் தெருவுல நின்னு சொல்றாளே தம்பி. முன்னாலயும் பின்னாலயும் என்னென்ன சேத்துக்கறாங்கறதையும் சபையில சொல்லட்டுமா?" என்றேன். சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. தீர்மானம் நிறைவேறியது.

ஆனால் அந்தச் சொல் அம்மாவுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அவன் சொன்னதுல என்னடி தப்பு?" என்று கேட்டாள்.

தீர்மானம் ஒன்றிய ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று சுற்றியது. நானும் லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே சுற்றினேன். "டீச்சர் வந்துட்டாங்க, ஃபைல எடு" என்று அங்கே சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டது. கடைசியில் உத்தரவு வந்தது. பாலத்தின் முனையில் நீலப் பலகை, வெள்ளை எழுத்து: சுபேதார் என்ற பதவி, அப்பாவின் பேர், வீரப் பதக்கம் பெற்றவர் என்று ஒரு வரி. திறப்பு நாளில் அதிகாரிகள் பேசினார்கள், கைதட்டினார்கள், கேசரி தின்றார்கள். பங்காளியும் வந்து இரண்டு தட்டுக் கேசரி தின்றார். நான் மண்ணில் நடந்தேனா என்பதே நினைவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரம் அம்மாவோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். பாலம் நெருங்கியது. கண்டக்டர் விசிலை ஊதிவிட்டுக் கூவினார்: "ஒயின்ஷாப் பாலம், ஒயின்ஷாப் பாலம்!"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "ஏங்க, இத்தாம்பெரிய போர்டு வெச்சிருக்குதே, கண்ணு தெரியலீங்களா? கடைய மூடி எத்தனை நாளாச்சு!"

"கோவிச்சுக்காதீங்க்கா. பழகுன வாயி, தானா வந்துருது. இந்தக் கூட்டத்துல நான் போர்டு படிக்கறதா, டிக்கெட் போடறதா? நீங்களே பேரச் சொல்லுங்க, கூவிடறேன்."

சொல்ல வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டை அம்மா அழுத்திப் பிடித்தாள். கண்ணில் போட்டுவிட்ட கறுப்புக் கண்ணாடியோடு, கம்பியைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றாள். பஸ் நின்றுவிட்டது. இறங்க வேண்டியவர்களும் இறங்காமல் நின்றார்கள்.

"சுபேதார்" என்றாள். பிறகு அந்தப் பேரை முழுதாக, ஒரு எழுத்துக்கூடச் சிதையாமல், கடைசியில் ஒரு 'ங்க'வும் சேர்த்துச் சொன்னாள். நான் பிறந்ததிலிருந்து அந்த வாயிலிருந்து வராத பேர்.

"அவரு உங்களுக்கு என்ன வேணுங்க ஆயா?"

"எங்கூட்டுக்காரரு."

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, சுபேதாரில் ஆரம்பித்துப் பாலம் வரைக்கும் மலையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூவினார். பின் சீட்டிலிருந்து ஒரு பெண் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, "இருங்க இருங்க, நானும் அந்தப் பாலந்தான்" என்று அப்பாவின் பேரைச் சொல்லியபடியே முண்டி வந்தாள். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

அம்மா அழவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, தரையில் கால் வைத்ததும் புடவையை உதறிச் சரி செய்துகொண்டாள்.

"நான் சொல்லிட்டேன்டி" என்றாள். "இனிமே ஊரு சொல்லட்டும்."