அசனத்துக்கு வந்த அரிசி

குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது. சுற்றுவட்டார மெதடிஸ்ட் சபைகள் கூடி ஆராதிக்கிற நாள். நானும் வேனில் வந்திருக்கிறேன். ஒவ்வொரு சபையும் கொண்டுவந்த அரிசியை ஒரே அண்டாவில் ஊறப்போட்டிருக்கிறார்கள். மத்தியானம் அசனம், எல்லாருக்கும் ஒரே சோறு. கடையம் பக்கத்துக் காலனிச் சபையின் மூட்டை மட்டும் அவிழ்க்காமல் சுவரோரம் கிடக்கிறது.

சமையலைப் பார்க்கிற உள்ளூர்க்காரரிடம் ஏன் என்று கேட்கிறேன்.

“அது ரேஷன் அரிசில்லா. சோறு குழைஞ்சிரும்.”

அந்தச் சபைப் பெண் ஒருத்தி பக்கத்தில்தான் நிற்கிறாள். “எங்க வயல்ல விளைஞ்சது, அண்ணாச்சி. மூட்டைய அவுக்காமலே எப்படிக் கண்டிய?”

அவர் அடுப்பைப் பார்க்கிறார். சற்று முன்புதான் ஆராதனையில், திருவிருந்தின்போது எல்லாரும் ஒரே அப்பத்தில் பங்கு வாங்கினோம்.

அவள் மூட்டையை அவிழ்க்கிறாள். அரிசி முழுவதையும் அண்டாவில் கொட்டிக் கையால் கலக்குகிறாள்.

“இனி எங்க அரிசி எதுன்னு பொறுக்கி எடுங்க.”